சென்டம் டீச்சர் வீட்டுப் பரீட்சை

என் அக்கா உட்கார்ந்து நான் பார்த்தது அபூர்வம். நின்றுகொண்டே சாப்பிடுவாள். நடந்துகொண்டே தலை வாருவாள். கணக்கு டியூஷன் எடுக்கும்போது மேஜையைச் சுற்றிச் சுற்றி வருவாள். பிள்ளைகளின் கழுத்தும் அவளோடு சேர்ந்து சுற்றும். எங்கள் குடும்பப் படங்களில் ஒன்றில்கூட அவள் முகம் தெளிவாக விழுந்ததில்லை. போட்டோ எடுப்பவர் ‘ரெடி’ சொல்வதற்குள் யாருடைய காலரையாவது சரிசெய்யக் கிளம்பியிருப்பாள். வருஷா வருஷம் அவளிடம் படிக்கிற யாராவது நூற்றுக்கு நூறு வாங்கிவிடுவதால் தெருவில் அவளுக்கு சென்டம் டீச்சர் என்று பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். ஆனால் அவளுக்குத் தெரியும், உள்ளுக்குள் பெருமையும் உண்டு.

அத்தான் அவளுக்கு நேர் எதிர். லிஃப்ட் மெக்கானிக். எதற்கும் அவசரப்பட மாட்டார். வேலைக்கு வந்த இடத்தில் முதலில் பையைக் கீழே வைப்பார், கையைத் துடைப்பார், நாலு பக்கமும் பார்ப்பார். பிறகு சுவரில் இருக்கிற மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன்னுடைய சிவப்புப் பூட்டை மாட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டு, பையை ஒருமுறை தட்டிப் பார்ப்பார். அதற்கு அப்புறம்தான் எதையும் தொடுவார். வேறு யாரும் தெரியாமல் வந்து சுவிட்சைப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக அந்தப் பூட்டு. ஒரு தடவை வேலை முடிந்து, பூட்டை எடுக்க மறந்து, சாவியோடு வீட்டுக்கு வந்துவிட்டார். அந்தக் கட்டடத்தில் இருந்தவர்கள் அத்தனை மாடியும் ஏறி இறங்கி அவரைச் சபித்திருக்கிறார்கள். அக்கா அன்றைக்கு அவரை வாங்கு வாங்கென்று வாங்கினாள். அவர் சிரித்துக்கொண்டே, “சாவி என் பையில இருக்கிற வரைக்கும் அங்க யாருக்கும் ஒண்ணும் ஆகாதுல்ல?” என்றார். இப்படிப்பட்ட மனிதரோடு எப்படிச் சண்டை போடுவது என்று அவள் என்னிடம் வந்து புலம்பினாள்.

ஒரு நாள் சாலையோரம் நிறுத்தியிருந்த காரில் யாரோ பின்னால் பார்க்காமல் கதவைத் திறந்தார்கள். அத்தான் பைக்கோடு அதில் மோதி விழுந்தார். தலையில் அடி. பிழைத்தார். தையல் ஆறியது, முடி வளர்ந்தது, பழைய அத்தானே வீட்டுக்கு வந்தார் என்று எல்லாரும் சொன்னார்கள். பார்க்க வந்தவர்களுக்கு அப்படித்தான் தெரிந்தது. அவர்கள் போன பிறகு நடந்ததை நாங்கள் பார்த்தோம். டீ போடப் போனவர் வெறும் பாத்திரத்தை அடுப்பில் வைத்து, அதில் தூளைக் கொட்டி, கொதிப்பதற்காகக் காத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் என்ற ஒன்று அவர் நினைப்பிலேயே இல்லை. குளிக்கப் போகும்போது புதுச் சட்டையை மாட்டிக்கொண்டு போவார். ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் அது எங்கே போனது என்று நம் முகத்தில் தேடுவார். நெற்றிக்குப் பின்னால் இருக்கிற பகுதியில் அடி பலமாகப் பட்டிருக்கிறது, எது முதலில் எது அடுத்தது என்று வரிசைப்படுத்துகிற இடம் அதுதான், பயிற்சியால் ஓரளவு தேறலாம் என்றார் டாக்டர். ‘ஓரளவு’ என்ற சொல் அக்காவின் காதில் விழவே இல்லை.

பயிற்சி மையம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்தது. வட்ட மேஜை, அட்டைகள், மரக்கட்டைகள். ஒரு மூலையில் நிஜ அடுப்போடு சின்னச் சமையல் மேடை. பயிற்சி கொடுத்த பெண்ணை நாங்கள் மேடம் என்றுதான் கூப்பிட்டோம். தணிந்த குரல். “நில்லுங்க. என்ன செய்யப்போறோம்னு வாயால சொல்லுங்க. அப்புறம் செய்ங்க.” இதுதான் அவருடைய பாடம். அத்தான் அடுப்பின் முன் நின்று, “முதல்ல தண்ணி,” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடிப்பார். சில நாள் சொல்லாமலே தூள் டப்பாவைத் தூக்கிவிடுவார். மேடம் கையைப் பிடிக்க மாட்டார், காத்திருப்பார். அவராக நின்றுவிட்டால் அன்றைக்கு மேடத்துக்குப் பெரிய சந்தோஷம்.

“வீட்லயும் இப்படித்தான் விடணும்,” என்றார் அக்காவிடம். “நீங்க எடுத்துக் கொடுக்காதீங்க. ஆபத்துன்னா மட்டும் தடுங்க. தான் விட்டதைத் தானே கவனிச்சு நிக்கிறதுதான் அவருக்குப் பயிற்சி.”

என் அக்காவிடம் போய் எடுத்துக் கொடுக்காதே என்றால் நடக்கிற காரியமா? அடுத்த வீட்டுப் பையன் தெருவில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு போனால்கூட பால்கனியிலிருந்து திருத்துகிறவள் அவள்.

அதோடு இன்னொரு நெருக்கடியும் இருந்தது. அத்தானின் கம்பெனியில் அவர் இடத்தைக் கொஞ்ச காலம் காலியாக வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். பழைய வேலைக்குத் தகுதியானவர் என்று மையத்திலிருந்து ரிப்போர்ட் வந்தால் மறுபடி சேரலாம். வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். லிஃப்ட் மெக்கானிக்கின் வேலை மொட்டை மாடி அறையில், பெரும்பாலும் தனியாக, மின்சாரம் ஓடுகிற பெட்டிக்குள் கையை விட்டுச் செய்கிற வேலை. தண்ணீரை மறந்தால் பாத்திரம் கருகும். சுவிட்சை மறந்தால் என்ன ஆகும் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். ஆனால் அக்காவின் மண்டையில் அது வேறு மாதிரி பதிந்துவிட்டது. பரீட்சை, பாஸ், வேலை. அவ்வளவுதான் அவளுக்கு.

பரீட்சை எப்படி இருக்கும் என்பதைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று அவள் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தாள். ஐந்து வார்த்தைகளைச் சொல்வார்கள். நடுவில் கடிகாரம் வரையச் சொல்வார்கள், அட்டை அடுக்கச் சொல்வார்கள். பிறகு திடீரென்று, அந்த ஐந்து வார்த்தை என்ன என்று கேட்பார்கள். முதல் தடவை அத்தானுக்கு ஒன்றுகூட வரவில்லை. அக்கா கதவிடுக்கு வழியாக ஐந்தையும் பிடித்துவிட்டாள். கண்ணாடி, ரயில், எலுமிச்சை, தச்சர், மழை.

அன்றையிலிருந்து ஆரம்பித்தாள். எழுந்ததும் கண்ணாடி, ரயில். பல் தேய்க்கும்போது எலுமிச்சை. டியூஷன் பிள்ளைகள் வருவதற்கு முன் ஒரு ரவுண்டு, போன பிறகு ஒரு ரவுண்டு. கடிகாரம் வரைந்து வரைந்து வீட்டில் இருந்த தாளெல்லாம் கடிகாரம்.

“அக்கா, இது பரீட்சை இல்லக்கா,” என்றேன். நான் இருப்பது அவளுக்கு நேர் மேல் மாடி. பல் டாக்டர் கிளினிக்கில் வேலை முடிந்து வந்தால் எனக்கு அவர்கள் வீட்டில்தான் பொழுது போகும்.

“எல்லாமே பரீட்சைதான்டீ.”

“அடுத்த தடவை வேற வார்த்தை கேட்டா?”

“கேக்க மாட்டாங்க. பழைய கொஸ்டின் பேப்பர்தான் வரும். எத்தனை வருஷமா பாக்குறேன்.”

நான் தலையில் அடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய? பிடித்த பிடியை விடுகிற ஜென்மம் இல்லை அது. அத்தான் பாவம், பொறுமையாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். கடைசியில் வார்த்தைகள் அவருக்குள் இறங்கிவிட்டன. எங்கே கேட்டாலும் வந்தன, கேட்காமலும் வந்தன. “சாப்பிட்டீங்களா அத்தான்?” என்று கேட்டால், “சாப்பிட்டேன்மா,” என்பார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று, “கண்ணாடி, ரயில், எலுமிச்சை, தச்சர், மழை,” என்றும் சேர்த்துக்கொள்வார். எனக்குச் சிரிப்பு வந்துவிடும்; முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஐந்தும் ஒரே மூச்சில் தப்பில்லாமல் வந்த முதல் நாள் நான் அங்கே இருந்தேன். அக்கா ஒரு நாற்காலியை இழுத்தாள். அதில் உட்கார்ந்தாள். சும்மா ஓரத்தில் தொட்டுக்கொண்டு இல்லை; முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, அத்தானைப் பார்த்துச் சிரித்தபடி உட்கார்ந்தாள். அத்தானும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒவ்வொரு தடவை ஐந்தும் சரியாக வரும்போதும் அவள் இப்படி ஒரு நிமிஷம் உட்காருவது வழக்கமாகிவிட்டது. உடனே எழுந்து, “இன்னொரு தடவை,” என்பாள்.

பரீட்சை நாள் வந்தது. அதே ஐந்து வார்த்தை. அக்கா சொன்னபடியே பழைய பேப்பர். அத்தான் தயங்காமல் சொன்னார், அழகாகக் கடிகாரம் வரைந்தார். டீ போடும்போது மட்டும் ஒரு இடத்தில் தடுமாறினார். ஆனாலும் மேடம் முகம் மலர்ந்திருந்தது. “நல்ல முன்னேற்றம். ஞாபகத்துல இவ்வளவு மாற்றத்தை நான் எதிர்பார்க்கல. கம்பெனிக்கு ரிப்போர்ட் அடுத்த வாரம் அனுப்பிடறேன். ஆரம்பத்துல கூட ஒரு ஆள் இருக்கட்டும்னு எழுதறேன்,” என்றார். அக்கா படியிறங்கும்போதே போனை எடுத்துவிட்டாள். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் கட்டடம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

அந்த வாரம் பார்த்து எங்கள் கட்டடத்து லிஃப்ட் கீழ்த்தளத்தில் நின்றுபோனது. நல்ல வேளை, உள்ளே யாரும் இல்லை. செக்ரட்டரி நேராக அக்கா வீட்டுக் கதவைத் தட்டினார். “சார்தான் மறுபடி வேலைக்குப் போறாராமே. ஒரு பார்வை பார்த்துட்டா நல்லா இருக்கும்.” முன்பெல்லாம் எங்கள் லிஃப்டை அத்தான்தான் இலவசமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு காதில் விழுந்ததும் அவர் பையைத் தேட எழுந்துவிட்டார்.

“வருவார். நீங்க போங்க,” என்று அக்கா சொன்னாள். கதவைச் சாத்திவிட்டு, கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். சாமான் பெட்டியைத் திறந்தாள், மூடினாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியில் ஓடினாள். மொட்டை மாடி அறைக்குள் போய், சுவரில் இருந்த மெயின் சுவிட்சை அவளே அணைத்தாள். லிஃப்டின் மின்சாரப் பெட்டியில் எரிந்துகொண்டிருந்த சின்னப் பச்சை விளக்கு அணைந்தது. அறை பல்புக்கு வேறு லைன், அது எரிந்துகொண்டுதான் இருந்தது.

“என்ன பண்றே நீ?” என்றேன்.

“டெஸ்ட் வைக்கிறேன். வாயைத் திறந்தே, கொன்னுடுவேன்.”

“அவர் வந்து பார்த்து, ஏன் அணைஞ்சிருக்குன்னு கேட்டா?”

“கேக்கணும். கேட்டுட்டார்னா போதும்டீ. வேற எதுவும் வேண்டாம்.” அவள் குரல் நடுங்கியது.

அத்தான் மெதுவாக ஏறி வந்தார். பையைக் கீழே வைத்தார். கையைத் துடைத்தார். ஆகா, அப்படியே பழைய அத்தான் என்று எனக்குத் தோன்றியது. அக்கா கதவோரம், கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அசையாமல் நின்றாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்புவதற்காக நாங்கள் இரண்டு பேரும் காத்திருந்தோம்.

அவர் திரும்பவில்லை. நேராகப் பெட்டியைத் திறந்தார், முழங்கை வரை கையை உள்ளே விட்டார். பச்சை விளக்கு எரியவில்லை என்பதும் அவர் கண்ணில் படவில்லை. பையில் அந்தச் சிவப்புப் பூட்டு இருந்தது, நான் பார்த்தேன். அவர் அதை ஒதுக்கிவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். விரல்கள் தானாகவே ஒயர் ஒயராகத் தொட்டுப் போய், ஆடிக்கொண்டிருந்த ஒன்றைக் கண்டுபிடித்து முறுக்கின. கொஞ்சமும் பிசகாத வேலை. கை எதையும் மறக்கவில்லை. கைக்கு முன்னால் வரவேண்டிய ஒன்றுதான் வரவில்லை.

“ஆச்சு. பட்டனை அமுக்கச் சொல்லு,” என்றார்.

அவருக்குப் பின்னால் போய் அக்கா சுவிட்சைப் போட்டாள். சத்தம் கேட்டும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. லிஃப்ட் நகர்ந்தது. கீழே பேச்சும் சிரிப்பும் கேட்டது. செக்ரட்டரி மூச்சிரைக்க மேலே வந்து அத்தானின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “டீச்சர், சார் பக்கா,” என்றார். அக்காவின் முகம் சாக்பீஸ் மாதிரி வெளுத்திருந்தது. “ஆமா,” என்று மட்டும் சொன்னாள்.

அன்று சாயங்காலம் டியூஷன் பிள்ளைகளுக்கு ஒரே கணக்கை இரண்டு தடவை கொடுத்தாள். யாரும் சொல்லத் துணியவில்லை. அவர்கள் போன பிறகு சமையலறையில் எங்களுக்குள் சண்டை.

“மேடம்கிட்ட சொல்லிடு,” என்றேன்.

“சொன்னா வேலை போயிடும்.”

“சொல்லலன்னா ஆளே போயிடுவார்.”

“கூட ஒரு ஆள் இருப்பாருன்னு எழுதறாங்கல்ல?”

“எத்தனை நாளைக்கு இருப்பார்? அந்த ஆள் ஒரு டீ குடிக்கப் போனா?”

அவள் கழுவிய தட்டுகளையே மறுபடி கழுவினாள். எனக்கு அவள்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஒரு தட்டைப் பிடுங்கி வைத்துவிட்டு என் வீட்டுக்கு ஏறிவிட்டேன். கீழே அவள் நடக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

காலையில் அவளே வந்து, “கிளம்பு,” என்றாள். மையத்துக்குப் போகிற வழியெல்லாம் எனக்கு முன்னால் பத்தடி தள்ளியே நடந்தாள். மேடம் உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

“என் டியூஷன்ல யாராவது பிட் அடிச்சா அந்தப் பேப்பரைக் கிழிச்சிடுவேன்,” என்று ஆரம்பித்தாள். “அவர் பேப்பரைக் கிழிச்சிடுங்க. பிட் கொடுத்தது நான்.” கதவிடுக்கு, ஐந்து வார்த்தை, கடிகாரம், மொட்டை மாடி என்று எல்லாவற்றையும் கொட்டினாள். சொல்லும்போது மேஜையில் இருந்த மரக்கட்டைகளை அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள். “ரிப்போர்ட் அனுப்பிட்டீங்களா?”

“இன்னும் இல்ல,” என்றார் மேடம். “என்மேலயும் தப்பு இருக்கு. வேற வார்த்தைகள் வச்சிருக்கேன். அன்னிக்குக் கூட்டம், அவசரத்துல பழசையே எடுத்துட்டேன். அவர் யோசிக்காம சொன்னப்ப ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துச்சு. சந்தோஷத்துல அதை விட்டுட்டேன்.”

“இனிமே?”

“மறுபடி ஆரம்பிப்போம். அஞ்சு வார்த்தையைப் பதிய வச்சிருக்கீங்க. அதே மாதிரி பூட்டு மாட்டுறதையும் அவர் கையில பழக்கிப் பார்க்கலாம். ஆனா பழைய வேலைக்குப் போவார்னு நான் உறுதி தர முடியாது. இப்போதைக்குப் போகக் கூடாதுன்னுதான் எழுதணும்.”

“எழுதுங்க,” என்றாள் அக்கா. வெளியே வந்து, கண்ணாடிக் கடை வாசலில் நின்று, தெருவே பார்க்க அழுதாள். நானும் அழுதேன். கடைக்காரர் எங்களுக்கு ஏதோ கண் கோளாறு என்று நினைத்திருப்பார்.

வீட்டுக்கு வந்தபோது அத்தான் டியூஷன் மேஜையில் உட்கார்ந்து கடிகாரம் வரைந்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

“நான் பாஸா?”

எத்தனையோ பிள்ளைகளுக்கு அந்தப் பதிலை முகத்துக்கு நேராகச் சொன்னவள் அக்கா. அன்றைக்கு அவள் முதலில் ஜன்னல் வரை போய் வந்தாள்.

“இல்லைங்க. ஃபெயில்.”

“அப்ப நான் மேல ஏற வேண்டாமா?”

“வேண்டாம்.”

அத்தான் பென்சிலைக் கீழே வைத்தார். நீளமாக ஒரு மூச்சு விட்டார். அவருடைய தோள் இறங்கியதை நான் பார்த்தேன். “பயமா இருந்துச்சு,” என்றார். “அந்த ரூம்ல எது முதல்லன்னு தெரியல. ஏதோ ஒண்ணு செய்யணும், செய்யணும்னு மட்டும் தோணிச்சு. அதுக்குள்ள கை போயிடுச்சு.”

“அப்புறம் ஏன் அந்த வார்த்தையெல்லாம் அப்படி உருப்போட்டீங்க?” அக்கா கேட்டது திட்டுவது மாதிரித்தான் இருந்தது.

அவர் யோசித்தார். பாதியில் தொலைந்துவிடுமோ என்று பார்த்தேன். தொலையவில்லை.

“அதைச் சொன்னா நீ உக்காருவே,” என்றார். “உக்காந்து சிரிப்பே. அதுக்குத்தான்.”

அக்கா அப்படியே நின்றாள். அத்தான் அவளைப் பார்த்தார். வழக்கம்போல ஆரம்பித்தார். “கண்ணாடி—”

“வேண்டாங்க,” என்றாள் அக்கா. நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

வாசலில் பெல் அடித்தது. டியூஷன் பிள்ளைகள். மறுபடியும் அடித்தது. அக்கா எழவில்லை. நான் போய்க் கதவைத் திறந்து, இன்றைக்கு வகுப்பு இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.